வெறுங்காலோடு போன மிஸ்ஸியம்மா

தைப்பூசத்துக்கு மறுநாள் எங்கள் தண்ணீர்மலைச் சாலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ரோட்டில் தேங்காய்ச் சில்லு கிடக்கிறதா, தேங்காய்ச் சில்லுக்கு நடுவே ரோடு கிடக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆடுகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு நடுரோட்டில் படுத்திருக்கும். காவடி எடுத்த ஆண்பிள்ளைகள் முதுகில் திருநீற்றை அப்பிக்கொண்டு வீட்டுக்குள் குப்புறப் படுத்திருப்பார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் மட்டும் வழக்கம்போல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்போம். எந்தச் சாமியும் எங்களுக்கு லீவு கொடுத்ததில்லை.

அப்படி ஊரே அசந்து கிடந்த ஒரு மறுநாளில்தான், நான் வேலை பார்த்த வீட்டு மிஸ்ஸியம்மா தன் சப்பாத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினார். ரப்பர் விலை விழத் தொடங்கியிருந்த காலம் அது.

அவர் அமெரிக்காவிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மிஷன்காரர். பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பார். கல்யாணம் கட்டாதவர், அறுபதை நெருங்கியவர். அவர் வீட்டில் துணி துவைப்பது, கஞ்சி போடுவது, இஸ்திரி தேய்ப்பது, தரை துடைப்பது எல்லாம் நான். சமையலுக்கு ஹைனான்காரச் சீனக் குக்கி ஒருவன் இருந்தான். அவன் செய்த புட்டிங்கைத் தின்றுவிட்டும் அவர் அறுபது வயதுவரை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

ஊர் அவரை வெள்ளைக்காரி என்றது. பக்கத்திலிருந்து பார்த்த எனக்குத்தான் சந்தேகம். தலைமுடி நரைக்கும்வரை கறுகறுவென்று குதிரைவால் மாதிரி நேராக இருந்ததாம். கன்னத்து எலும்பு மேடாக நிற்கும். நிறமோ, என்னை ரெண்டு தடவை நீலம் போட்டு அலசினால் வரும் நிறம். வெள்ளையும் கறுப்பும் கலந்து பிறந்த சட்டைக்காரியாக இருக்கும் என்று குக்கி சொன்னான். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கிறவரைப் பார்த்து நீங்கள் யார் என்று எப்படிக் கேட்பது?

தமிழ் பேசுவார். அதைத் தமிழ் என்று சொன்னால் தமிழுக்கே கூச்சமாக இருக்கும். முழுக்கப் புத்தகத்திலிருந்து படித்தது. "இம்மீன் இன்று பிடிக்கப்பட்டதா?" என்று மீன்காரனைக் கேட்பார். அவன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பான். ஒருநாள் என்னிடம், "பெண்ணே, நீ ஏன் நேற்று வாராதிருந்தாய்?" என்றார். வயிற்றுப்போக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு அழகான கேள்விக்கு அப்படி ஒரு பதிலா?

அன்று காலையில் அவர் சொன்னது இதுதான். இன்று நான் ஓடை வரைக்கும் நடக்க வேண்டும், நீ சப்பாத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வா, பேசாதே. நான் குடையை எடுத்தேன். வேண்டாம் என்றார். சரி, வெள்ளைக்காரருக்கு வெயில் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

தண்ணீர்மலைச் சாலை அப்போதே தார் போட்ட சாலை. தை மாதத்து வெயிலில் தார் இளகி, காலை வைத்தால் பிடித்து இழுக்கும். நான் பிறந்ததிலிருந்தே செருப்புப் போடாதவள், என் காலை எந்தத் தாரும் ஒன்றும் செய்யாது. அவர் காலோ சப்பாத்துக்குள்ளேயே வளர்ந்த கால். உள்ளங்கால் முறுக்கு மாவு மாதிரி இருக்கும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்.

சாலை வளைவில் பூக்காரக்கா கடை. கடை என்றால் நாலு கம்பு, ஒரு சாக்கு. அக்காவின் வீட்டுக்காரர் ஓடையை ஒட்டிய தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை செய்தார். அக்காவுக்கு வாயும் பெரிது, மனசும் பெரிது. முதல்நாள் காவடிக்காரர் காலுக்கு ஊற்றியது போக மிச்சம் மஞ்சள் தண்ணீர் ஒரு குடம், வேப்பிலை மிதக்க, கடையோரம் இருந்தது. இப்போது அக்கா இருந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? தைப்பூசத்து வெயில், வெறுங்கால், வாய் திறக்காத விரதம், பின்னால் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண். வேண்டுதல் அல்லாமல் வேறென்ன?

ஓடி வந்து குடத்தைச் சாய்த்து இரண்டு பாதத்திலும் ஊற்றினாள். காவடி எடுக்கிறவர் காலை நனைத்தால் அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கு நமக்கு என்பது எங்கள் வழக்கம்.

மிஸ்ஸியம்மா கொதிநீர் பட்டவர் மாதிரி காலை இழுத்துக்கொண்டார். "வேண்டா, சகோதரி. எனக்கு இது வேண்டா" என்றார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடி எவ்வளோ பணிவு! வேணாங்குது பாரு" என்று சொல்லி, மிச்சத்தையும் ஊற்றி, காலைத் தொட்டுக் கும்பிட்டாள் அக்கா.

பிறகு என்னைத் தனியாக இழுத்து, என்ன வேண்டுதல் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை. ஆனால் ஒருத்தி தெரியாது என்று சொன்னால் எங்கள் சாலையில் அதோடு விடமாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. தொலைந்துபோன நகை கிடைத்ததற்காம். இல்லை, தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததற்காம். இல்லை, முருகனே கனவில் வந்து இங்கிலீஷில் கூப்பிட்டாராம்.

"முருகனுக்கு ஏதுக்கா இங்கிலீஷு?" என்று நான் கேட்டேன்.

"ஆறு மொகம் இருக்குல்ல. அதுல ஒண்ணு இங்கிலீஷ் பேசாதா?" என்றாள் பூக்காரக்கா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். 

அடுத்த வருஷம் அவர் அப்படி நடக்கும் நாள் தைப்பூசத்துக்கு முன்னாலேயே வந்தது. அவர்கள் கணக்கு இங்கிலீஷ் மாதக் கணக்கு. அவர் சப்பாத்தைக் கழற்றி ரோட்டில் கால் வைத்ததுதான் தாமதம், வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். யார் போய்ச் சொன்னதோ. உறுமிக்காரர் ஒருவரும் வந்துவிட்டார். ரெண்டு வாரம் கழித்துக் காவடிக்கு அடிக்க வேண்டுமாம், கை பழகட்டும் என்று வந்தாராம். குடம் குடமாகத் தண்ணீர் விழுந்தது. மிஸ்ஸியம்மாவின் பாவாடை முழங்கால்வரை மஞ்சள். ஒவ்வொரு வாசலிலும் அவர் வேண்டா, வேண்டா என்று சொல்லச் சொல்ல, அந்தப் பணிவைப் பார்த்து இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள்.

வளைவில் ஒருத்தி, காய்ச்சல் கண்ட தன் பிள்ளையைத் துணி விரித்து ரோட்டில் குறுக்கே படுக்க வைத்தாள். தாண்டிப் போனால் பிள்ளைக்குச் சுகமாகுமாம். காவடிக்காரர்கள் தாண்டிப் போவார்கள். மிஸ்ஸியம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்தார். உறுமியைப் பார்த்தார். அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டார். ஓடைவரை போகவேயில்லை.

நான் பின்வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து படியில் உட்கார்ந்தார். காலில் மஞ்சள் அப்படியே காய்ந்திருந்தது. அன்றுதான் சொன்னார். அவர் புத்தகத் தமிழில் சொன்னதை என் வாயால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்குவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே அங்கே இருந்த ஜனங்கள் அவருடைய ஆட்கள். அப்பா செரோக்கி ஜனம். அம்மா சோக்டா ஜனம். இரண்டும் வேறு வேறு பாஷை. கிழக்குப் பக்கம் மலையும் ஆறும் சோளக்கொல்லையுமாக இருந்தார்கள். செரோக்கிக்காரர்கள் தங்கள் பாஷைக்குத் தாங்களே எழுத்து உண்டாக்கி, அதில் பத்திரிகைகூட அச்சடித்தார்களாம். அந்த மண் வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. எல்லோரும் பெரிய ஆற்றைத் தாண்டி மேற்கே போய்விட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

நான் கரி ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களையுமா தொரத்துனாங்க மிஸ்ஸியம்மா?"

"கோர்ட்டுக்கும் சென்றோம். பெரிய கோர்ட்டு எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது" என்றார். "வழக்கில் வென்றோம். வீட்டை இழந்தோம்."

எனக்குப் பள்ளிக்கூடத்து வாசல் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. படித்திருந்தால் யாரும் நம்மை ஒன்றும் செய்ய முடியாது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிப்பாய்கள் வந்தபோது அவருடைய அப்பாவுக்கு ஏழெட்டு வயது. சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். எழுந்திரு என்றார்கள். அந்தப் பையனுடைய அம்மா சப்பாத்தைத் தேடினாள். தேட விடவில்லை. அவர்கள் வேலியைத் தாண்டுவதற்குள்ளேயே வேறு ஆட்கள் உள்ளே புகுந்து பாத்திரம் பண்டம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோடை முழுக்கப் பட்டியில் அடைத்து வைத்தார்கள். அங்கேயே நிறையப் பேர் செத்தார்கள். பிறகு நடக்க வைத்தார்கள். நடந்து நடந்து குளிர்காலம் வந்துவிட்டது. காலில் கந்தலைச் சுற்றிக்கொண்டு அந்த அம்மா நடந்தாள்.

வழியில் ஒரு ஊர் வந்தது. ஊர்க்காரர்கள் வாசலுக்கு வாசல் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பையனுக்குத் தாகம். தண்ணீர் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை. கல் மாதிரி நின்றார்கள், கல் மாதிரி நின்றார்கள் என்று அப்பா சாகும்வரை சொல்வாராம். அதன் பிறகு பெரிய ஆறு. ஆறு நிறையப் பனிக்கட்டி மிதந்ததால் படகு போக முடியவில்லை. கரையிலேயே காத்துக் கிடந்தார்கள். அங்கேதான் பையனுடைய அம்மா செத்துப்போனாள். மண் உறைந்து போயிருந்ததால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை. அந்த இடத்தை அப்பாவால் பிறகு கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மேற்கே போய் வீடு கட்டிப் பெரியவரான பிறகு, அப்பா வருஷா வருஷம் தன் அம்மா செத்த நாளில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஊர் வழியாகப் பக்கத்து ஓடைவரை நடப்பாராம். வழியில் யார் எது கொடுத்தாலும் வாங்கக் கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூட. ஓடைக்கரையில் தன் அம்மாவின் பெயரை ஒரு தடவை உரக்கச் சொல்வார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு திரும்புவார். அவ்வளவுதான். பாட்டில்லை, பூசையில்லை. மகன்களுக்கு அது பிடிக்கவில்லை. போனது போகட்டும் என்றான் ஒருத்தன். வெளியே தெரிந்தால் வெட்கம் என்றான் இன்னொருத்தன். அப்பா சாகும்போது, நான் நடக்கிறேன் என்று சொன்னது மகள். "நான் நிறுத்தினால் அது நின்றுவிடும்" என்றார் மிஸ்ஸியம்மா.

இவங்க நல்லது நெனச்சுத்தானே ஊத்துறாங்க என்று கேட்டேன்.

"அறிவேன். அதனாலேயே கடினம்."

வேறே ரோட்டில், ஆள் இல்லாத பக்கமாக நடக்கலாமே என்றும் யோசனை சொன்னேன். எனக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒளிந்து நடப்பதற்கா என் தந்தை நடந்தார் என்று கேட்டார். நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். ஒரு தலையணை உறையைத் தீய்த்துவிட்டிருந்தேன். அதையும் அவர் பார்க்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க, துணி மடிக்கும்போதும் பட்டன் தைக்கும்போதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய அம்மா ஆட்களான சோக்டா ஜனங்களை அதற்கும் சில வருஷம் முன்பே துரத்தியிருந்தார்கள். கிளம்புகிற அன்றைக்குப் பெண்கள் காட்டுக்குள் போய் மரம் மரமாகத் தொட்டார்களாம். அடிமரத்தைத் தடவி, இலையைத் தடவி, பிறகுதான் வண்டி ஏறினார்கள். பாதி வழியில் பனிப்புயல். போர்வை இல்லை. போய்ச் சேராமலே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச வருஷத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்து என்ற தீவில் பஞ்சம், ஜனங்கள் பட்டினியால் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தங்களுக்கே கஞ்சிக்கு வழியில்லாத அந்த சோக்டாக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பி வைத்தார்களாம். முன்பின் பார்க்காத வெள்ளைக்கார ஜனத்துக்கு. இதைச் சொல்லும்போது மட்டும் மிஸ்ஸியம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

வருஷக் கடைசியில் மிஷனில் பணம் வற்றிவிட்டது. அவரை ஊருக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். அவருடைய நாள் முடிந்த வாரத்திலேயே கப்பல்.

"என் தந்தை நடந்தவாறு ஒருமுறையேனும் இங்கே நான் நடத்தல் வேண்டும்" என்றார் என்னிடம். "ஒருவரும் நீர் ஊற்றலாகாது. நீ அவர்களிடம் சொல்வாயா?"

பூக்காரக்காவிடம் போனேன். அவளிடம் சொன்னால் சாலை முழுக்கச் சொன்ன மாதிரி. சாக்கு நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிப்பாய், சோளக்கஞ்சி, பனிக்கட்டி ஆறு எல்லாம். அக்கா பூ கட்டும் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் கதை வந்தபோது மட்டும் கை நின்றது.

"போன மாசம் அக்கரையில பட்டர்வொர்த்லேருந்து ஃபெர்ரியில எஸ்டேட் ஆளுங்கள எறக்குனாங்க, தெரியுமா?" என்றாள். ரப்பர் விலை விழுந்து வேலை இல்லாமல், நம் ஜனங்களைக் கப்பல் கப்பலாக அப்பன் பாட்டன் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் அப்போது. பாதிப் பேர் ஊரையே பார்த்திராதவர்கள், இங்கேயே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். "படகுத்தொறையில வெயில்ல உக்காந்திருந்துச்சுங்க. பச்சப்புள்ளைங்கல்லாம் கெடந்துச்சு. நான் பூக்கூடையோட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னத்தச் சொல்றதுன்னு தெரியல. வந்துட்டேன்."

அக்கா மறுபடி பூவை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். 

"அந்தம்மாவோட ஆளுங்க பாக்காத ஊருக்கே குடுத்தாங்கங்கிற. அப்ப நாங்க குடுத்தா மட்டும் எதுக்காம் கசக்குது?"

"கசக்கலக்கா. அவங்கப்பாவுக்குக் குடுத்த வாக்குல்ல அது. யாரும் எதுவும் குடுக்கக் கூடாது. இந்த ஒரு வாட்டிதான். அப்புறம் கப்பலு."

அக்கா சரத்தை முடிந்து கூடையில் போட்டாள். "சரி. ஊத்தல" என்றாள். "சொல்றேன் எல்லார்கிட்டயும். ஆனா வெறுங்கையோட வாசல்ல நிக்கமாட்டோம். பாதம் போற வழியில வெறுங்கையோட நின்னா அது என்ன மரியாத? கொடத்தப் புடிச்சிக்கிட்டு நிப்போம். ஊத்தமாட்டோம். போதுமா?"

போதும் என்றேன். இரண்டு பக்கத்துக்கும் நல்லபடியாகப் பேசி முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. வீட்டுக்குப் போகிற வழியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன் என்று நினைக்கிறேன்.

அந்த நாள் வந்தது. உறுமி இல்லை. ரோட்டில் பிள்ளையைப் படுக்க வைக்கவில்லை. பெண்கள் மட்டும் அவரவர் வாசலில், குளித்து முழுகி, இடுப்பில் குடத்தோடு. குடம் நிறைய மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை. ஒரு பேச்சில்லை. எங்கள் சாலைப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து பேசாமல் இருந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மிஸ்ஸியம்மா இறங்கி நடந்தார். முதல் வாசல் தாண்டும்போது நன்றாகத்தான் நடந்தார். இரண்டாவது வாசலில் குடத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்தவள் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் அப்படியே. தார் அவர் காலைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஒவ்வொரு தடவை கால் எடுக்கும்போதும் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலில் நிற்கிறவள் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பெண்கள் அழுதார்கள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, கை குடத்தில் இருந்தது.

வளைவில் பூக்காரக்கா. குடத்துத் தண்ணீர் விளிம்பில் தளும்பி அவள் கால்மேலேயே வழிந்துகொண்டிருந்தது. மிஸ்ஸியம்மா அவளுக்கு எதிரே நின்றுவிட்டார்.

"சொல்லுங்கம்மா" என்றாள் அக்கா மெதுவாக. "ஒரு வார்த்த சொல்லுங்க, ஊத்திடறேன்."

மிஸ்ஸியம்மா வாயைத் திறந்தார். நான் பின்னால் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு, சொல்லிடுங்க சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் வாயை மூடிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஓடைக்கரையில் நின்று அந்தப் பெயரை ஒரு தடவை சொன்னார். அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கே சொல்லமாட்டேன். அது அவர்கள் வீட்டுப் பெயர். ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர் காலை வைக்கவில்லை. பாறையில் உட்கார்ந்தார். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். நினைச்ச மாதிரியே நடந்துட்டீங்க மிஸ்ஸியம்மா என்று சொன்னேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"கல் என்று என் தந்தை சொன்னார்" என்றார். "அவர் சிறுவன். அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் கல் அல்ல."

ஆறுதலாகச் சொல்கிறார் என்று நினைத்து, ஆமா பாவம் அவங்களுக்கும் மனசு இருந்திருக்கும்தானே என்றேன்.

"ஆம். வீட்டில் தண்ணீர் இருந்தது. மனதில் இரக்கமும் இருந்தது. இருந்தும் நின்றார்கள்." தலையை ஆட்டிக்கொண்டார். "கல்லாகவே இருந்திருப்பின் நன்று."

நான் சப்பாத்தை மாட்டிவிட்டேன். கால் உள்ளே போக மறுத்தது. எப்படியோ அழுத்தி மாட்டி, கயிற்றைக் கட்டி, தோட்டத்து வாசலில் நின்ற ரிக்ஷாவைக் கூப்பிட்டு ஏற்றினேன். நான் பக்கத்திலேயே நடந்தேன்.

வளைவு திரும்பினதும் ரோடு கறுத்துப் பளபளவென்று கிடந்தது. ஒரு குடம் தண்ணீரைக்கூட யாரும் வீட்டுக்குள் திரும்பக் கொண்டுபோகவில்லை. பாதத்துக்கென்று கரைத்ததை என்ன செய்வார்கள்? அவர் தாண்டிப் போன பிறகு, அவர் கால் பட்ட இடமென்று தோன்றிய இடத்திலெல்லாம் கவிழ்த்துவிட்டார்கள். தாரில் வேப்பிலை ஒட்டிக் கிடந்தது. மஞ்சள் தண்ணீர் சாக்கடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வெறுங்குடத்தோடு நின்றார்கள்.

மிஸ்ஸியம்மா ரிக்ஷாவை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது, கால் வேறு வீங்கிவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து இழுத்தேன். பூக்காரக்கா ஓடி வந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். ரிக்ஷாக்காரச் சீனனும் வண்டியைச் சாய்த்துவிட்டு வந்து ஒரு கை கொடுத்தான். ஒரு சப்பாத்து வந்தது. மற்றதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் மூன்று பேரும் குனிந்திருந்ததால் ரோட்டை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது சப்பாத்தும் வந்து, அவர் இறங்கிக் காலை ஊன்றியபோது ரோடு காய்ந்து சுட்டது.